செரோப்பின் அம்மா

27 அக்டோபர் 2007, சனி

குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு பீப்பாய்களையும் நிரப்பிவிட்டு ஒரு வாரத்துச் சட்டைகளைத் துவைத்தேன். மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் நாற்பத்தெட்டு வயதில் கென்யாவின் ஒரு மூலையில் உட்கார்ந்து காலர் அழுக்கைத் தேய்க்கிறான். திருச்சியில் எனக்கு வரவேண்டிய நாற்காலியில் துறைத்தலைவரின் தங்கை மகன் திருஞானம் உட்கார்ந்திருக்கிறான். ஒலிக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். போகட்டும். அதை எழுதி எழுதியே பழைய டைரிகள் தீர்ந்துவிட்டன.

கப்தெரெரில் இந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மதிலுக்குள் நான்கு வீடுகள். இரண்டு காலி. பக்கத்து வீட்டில் கணக்கு ஆசிரியர் கிப்சாங், அவர் மனைவி ஞாம்புரா, ஆறு வயது மகள் செரோப். ஞாம்புரா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவளை யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து அழைப்பதுதான் இங்கே மரியாதை. சுவாஹிலியில் அம்மாவுக்கு 'மாமா' என்று பெயர். ஆக அவள் எல்லோருக்கும் 'மாமா செரோப்'. முதல் வாரம் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கிப்சாங் நந்தி மொழிக்காரர், ஞாம்புரா கிகுயு. இரண்டும் ஒரே நாட்டு மொழிகள் என்ற பேரே தவிர, ஒன்றுக்கொன்று தமிழும் சமஸ்கிருதமும்போல, அதைவிடவும் தூரம். கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் சாபம் கொடுக்காத குறையாம். அதனால் வீட்டுக்குள் இருவரின் மொழியும் வேண்டாம், சுவாஹிலி மட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பெயர்களைப் பார்த்தால் வேடிக்கை. ஞாம்புரா என்றால் கிகுயுவில் மழைக்குரியவள். செரோப் என்றால் நந்தியில் மழை பெய்யும்போது பிறந்தவள். அம்மாவும் மகளும் ஒரே மழை. ஆனால் மகளுக்கு அம்மாவின் மொழியில் மழைக்கு என்ன சொல் என்று தெரியாது.

துணி உலர்த்தும்போது கேட்டேன். "உங்க மகளுக்குத் தாய்மொழி எது?"

"சுவாஹிலிதான், ம்வாலிமு." ம்வாலிமு என்றால் வாத்தியார்.

"அது கடைத்தெரு மொழி. அரபுக்காரனும் எங்க ஊர்க்காரனும் கப்பல்ல வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொட்டிட்டுப் போனது. சாய், சப்பாத்தி, வண்டிக்கு காரி, கடைக்கு டுக்கா. அதுல பிள்ளையைக் கொஞ்ச முடியுமா?"

"கொஞ்ச முடியுதோ என்னவோ, மாமியாரைத் திட்ட முடியல. அதுல எனக்குத் திட்டே வராது. அதனாலதான் எட்டு வருஷம் குடும்பம் ஓடியிருக்கு" என்று சிரித்தாள்.

நான் விடவில்லை. இந்தக் கண்டத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் மொழிகள், ஒவ்வொன்றும் ஒரு தாய் சொல்லிக்கொடுக்க மறந்த அன்று சாகத் தொடங்குகிறது என்றேன். அவள் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போன வருடம் அவள் அப்பா சாகக் கிடந்தபோது பேத்தியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாராம். குழந்தை ஒன்றும் புரியாமல் விழித்ததாம்.

"அப்ப சொல்லிக்குடுங்க" என்றேன்.

"அவருக்குப் பிடிக்காது."

"பெத்தவ மொழி. அதுக்கு எதுக்கு அவர்கிட்ட அனுமதி?"

மாலையில் வீட்டுக்குப் போன் செய்தேன். என் மகள் கயல்விழி பதினோராம் வகுப்பில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். மதிப்பெண் கூட வருமாம். அறுபத்தைந்தில் தமிழுக்காகச் சிறைக்குப் போன மனுஷனின் பேத்தி. மனைவி சகுந்தலாவிடம் கேட்டால், "என்னங்க, அங்க இருந்துக்கிட்டு இங்க எதுக்கு சண்டை?" என்கிறாள்.

11 நவம்பர், ஞாயிறு

அடுப்பு வாயு தீர்ந்துவிட்டது. கரியில் சமைத்தேன்.

செரோப் பஞ்சு மாதிரி உறிஞ்சுகிறாள். இரண்டு வாரத்தில் அவளுக்கு கிகுயுவில் ஆடு, அடுப்பு, மழை, பத்து வரை எண்ணிக்கை எல்லாம் வந்துவிட்டது. அம்மாவை 'மைத்து' என்றுதான் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டிலிருந்து நாள் முழுக்க மைத்து, மைத்து. ஞாம்புரா ஒவ்வொரு தடவையும் ஏதோ புதிதாகக் கூப்பிடப்பட்டவள்போலத் திரும்புகிறாள்.

24 நவம்பர், சனி

கல்லூரியில் என் யோசனைப்படி 'தாய்மொழி மாலை'. மாணவர்களும் ஆசிரியர்களின் பிள்ளைகளும் மேடையேறி அவரவர் மொழியில் ஒரு பாட்டோ கதையோ சொல்ல வேண்டும். பத்துக்கு மேற்பட்ட மொழிகள். ஊர் ஆட்களும் வேலியோரம் நின்று கேட்டார்கள். என் மாணவன் கிப்லிமோ நந்தியில் ஒரு பாட்டுச் சொன்னான். மழைக்கு முன்னால் வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு கன்றுக்குட்டியைக் கூப்பிடும் பாட்டு. நல்ல குரல். அடுத்து செரோப். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு கிகுயுவில் ஒரு தூக்கணாங்குருவிப் பாட்டைத் தடுமாறாமல் சொன்னாள். முன்வரிசை எழுந்து கைதட்டியது. வேலியோரம் அவ்வளவு சத்தமில்லை. முதல்வர் என் கையைக் குலுக்கி, "இப்படி ஒன்று இங்கே நடந்ததே இல்லை" என்றார். திருச்சியில் இருபது வருடத்தில் ஒருவன் எனக்கு இப்படிக் கை கொடுத்ததில்லை.

கிப்சாங் கடைசி வரிசையில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது சொன்னார்: "ம்வாலிமு, எங்க வீட்ல ஓர் ஏற்பாடு இருந்துச்சு. தேர்தல் வருஷத்துல அதைக் கலைச்சிட்டீங்க."

"மொழியையும் அரசியலையும் போட்டுக் குழப்பாதீங்க."

"உங்க ஊர்ல குழப்ப மாட்டாங்களா?"

மனைவியின் மொழியை மேடையில் கேட்டதற்கு இவ்வளவு எரிச்சல். குறுகிய மனம்.

27 டிசம்பர், வியாழன்

வாக்குப்பதிவு. வரிசையில் குடை பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்கிறார்கள். கிப்சாங்குக்குத் தெற்கே ஓர் ஊரில் தேர்தல் வேலை. நேற்றே போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி வாங்கி வைத்தேன். கடைக்கார ராவல் பாய் வாங்கச் சொன்னார். அவர் என்னிடம் எப்போதும் இந்தியில்தான் பேசுவார். நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன்.

30 டிசம்பர், ஞாயிறு

மாலையில் முடிவை அறிவித்தார்கள். கிகுயுக்காரரான அதிபரே மறுபடி ஜெயித்தாராம்; இங்கே நந்திகள் எல்லாம் எதிர்த்தரப்புக்கு ஓட்டுப் போட்டவர்கள். கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சியில் நேரலை நின்று பாட்டுப் போட்டார்கள். மலைச்சரிவில் ஓர் இடத்தில் புகை. பிறகு மூன்று இடத்தில்.

31 டிசம்பர், திங்கள்

புகையை எண்ணுவதை விட்டுவிட்டேன். மதில் கேட்டின் காவல்காரன் வரவில்லை. ஒரு பக்கம் தோற்றது, மறுபக்கம் திருடியது என்கிறார்கள். அதற்கு வீடு எரிவானேன்? ஆனால் எரிகிற வீடுகள் எல்லாம் ஒரே மொழிக்காரர்களுடையவை, கிகுயு பேசுகிறவர்களுடையவை. யாருடைய வீடு என்று முன்பே தெரிந்து வைத்திருக்கிறார்கள். எப்படித்தான் தெரிந்ததோ.

கிப்சாங் போன் செய்தார். குரல் அடங்கியிருந்தது. அவர் இருக்கும் ஊரில் நிலைமை தலைகீழ். அங்கே நந்தி பேசுகிறவனைத் தேடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் இருக்கிறார்.

"என் பொண்டாட்டியை வெளியே விடாதீங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நீங்க முஹிந்தி." முஹிந்தி என்றால் இந்தியன். "குழந்தை வாயைத் திறக்கக் கூடாது, ம்வாலிமு. கேக்குதா? வாயைத் திறக்கக் கூடாது."

கேட்கிறது என்றேன். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

1 ஜனவரி 2008, செவ்வாய்

விடிந்ததும் பின்பக்கம் வழியாக இருவரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஞாம்புரா ஒரு பையும் நர்ஸ் உடையும் மட்டும் எடுத்து வந்தாள். அடையாள அட்டையை அடுப்பில் போட்டுவிட்டாளாம். அதில் அப்பா பெயரும் சொந்த ஊரும் இருக்கிறது, அதைவிட அட்டையே இல்லாமல் இருப்பது மேல் என்றாள். அவள் தெளிவாக இருக்கிறாள். நான்தான் சாயில் உப்பைப் போட்டேன்.

திரைச்சீலைகளை இழுத்து ஊசி குத்தினோம். காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். வண்டி இல்லை, நீங்களாக வந்து சேர்ந்தால் மைதானத்தில் இடம் உண்டு என்றார்கள். ஊரின் மறுகோடி. நடுவில் பாலம், சந்தை, யூகலிப்டஸ் தோப்பு. மூன்றிலும் தடை போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

செரோப்புக்கு இது விளையாட்டு. மேசைக்கு அடியில் வீடு கட்டிக்கொண்டு, "மைத்து, இங்க வா!" என்று கத்தினாள். வெளியே யாரோ நடந்து போனார்கள். நாங்கள் இருவரும் அந்தக் காலடி தேயும் வரை மூச்சு விடவில்லை.

2 ஜனவரி, புதன்

கேட்டைத் தட்டினார்கள். ஏழெட்டுப் பேர். வில், அம்பு, ஒருவன் கையில் பெட்ரோல் கேன். முன்னால் நின்றவன் கிப்லிமோ. என் வகுப்பில் முதல் பெஞ்ச். ஒலிப்பு முறைகளைப் பற்றி நல்ல கட்டுரை எழுதியவன்.

"ஹாபாரி, ம்வாலிமு. புத்தாண்டு வாழ்த்து."

"வாழ்த்து."

"உங்ககூட எங்களுக்குச் சண்டை இல்ல. பக்கத்து வீடு பூட்டியிருக்கே?"

"தெரியாது. ஊருக்குப் போயிருப்பாங்க."

அவன் என் முகத்தையே பார்த்தான். "அந்தக் குழந்தை அன்னைக்கு அழகாச் சொன்னா. தூக்கணாங்குருவிப் பாட்டு. இவங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு."

பின்னால் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"சனிக்கிழமை மலையிலிருந்து இன்னும் நிறையப் பேர் வராங்க. அவங்களுக்கு ம்வாலிமுவையும் தெரியாது, என்னையும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போகிற போக்கில் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை ஒருவன் உடைத்தான். ஞாம்புரா சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"குருவிப் பாட்டை நீங்கதானே தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

3 ஜனவரி, வியாழன்

பருப்பு தீர்ந்தது. சோள மாவைக் கிண்டி உகாலிக் களி செய்தோம்.

பிற்பகலில் அவள் என்னிடம் வந்து சொன்னாள்: "நீங்க படிச்சவர். ஒரு குழந்தைக்கு ஒரு மொழி எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும். எப்படிப் போகும்னு சொல்லுங்க."

"அப்படியெல்லாம் போகாது."

"சனிக்கிழமைக்குள்ள போகணும்."

அப்புறம் அவளே ஆரம்பித்தாள். மகளை எதிரே உட்காரவைத்து, "நான் யாரு?" என்று சுவாஹிலியில் கேட்டாள். "மைத்து" என்றது குழந்தை. கன்னத்தில் அறை. குழந்தை முதலில் சிரித்தது, விளையாட்டு என்று நினைத்து. "நான் யாரு?" "மைத்து." மறுபடி அறை. மூன்றாவது தடவை குழந்தை அழுதது. அழுகை வந்தால் அதற்குள் அந்தச் சொல்தான் வருகிறது, மைத்து, மைத்து என்று. அதற்கும் அறை. வாயைப் பொத்திப் பொத்தி அடித்தாள், சத்தம் வெளியே போகக் கூடாதென்று.

நான் அடுத்த அறைக்குப் போய் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் குழந்தை சரியாகச் சொன்னது. "நான் யாரு?" "மாமா." "இன்னொரு தடவை." "மாமா." ஞாம்புரா அவளை மடியில் போட்டுக்கொண்டு தன் உள்ளங்கையைத் தன் வாயால் கடித்துக்கொண்டிருந்தாள். பல் தடம் தெரிந்தது.

சகுந்தலா போன் செய்தாள். "டீவில காட்றாங்க, நெஞ்சே பதறுது. அங்க யாருங்க அழுவுறது?"

"பக்கத்து வீட்டுக் குழந்தை."

"பாவம். நீங்க அதுலல்லாம் தலையிடாதீங்க. மொதல்ல கெளம்பி வாங்க."

4 ஜனவரி, வெள்ளி

ராவல் பாய் போன் செய்தார். இந்தியர்களின் கார்கள் எல்லாம் போலீஸ் துணையோடு எல்லைப் பக்கம் போகின்றன, எட்டு மணிக்கு மூலைச் சந்திப்பில் நில், உனக்கு ஒரு இடம் இருக்கிறது, ஒரே ஒரு இடம் என்றார். அவர் இந்தியில் சொன்னார். நானும் இந்தியிலேயே பதில் சொன்னேன். இருக்கிற நாலு சொற்களும் எங்கிருந்தோ வந்தன.

சந்திப்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நிலைமை எப்படி என்று பார்க்கத்தான். பையை எடுத்துப் போனதற்குக் காரணம், பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாதே என்று. கார்கள் ஏழரைக்கே போய்விட்டன. தெருவில் ஒரு செருப்பு, ஒரு கவிழ்ந்த தள்ளுவண்டி, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது ஞாம்புரா வாசற்கதவைத் திறந்துவிட்டாள். பையைப் பார்த்தாள். "சாய் இருக்கு. சூடு பண்ணட்டுமா?" என்றாள்.

சாயைக் குடிக்காமலே சொன்னேன்: "நாளைக்குக் காலையில என் கார்ல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடலாம். மூணு பேரும்."

"பெட்ரோல்?"

"போதும்."

"எனக்கு நந்தியில வணக்கம் சொல்ல வரும். இன்னும் கொஞ்சம் வரும். எட்டு வருஷத்துல மாமியார் திட்டினது எல்லாம் வரும்" என்றாள். இருவரும் சிரித்தோம். சத்தம் வராமல்.

5 ஜனவரி, சனி

மாலை. காவல் நிலைய மைதானத்தில், காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் முன் கண்ணாடியில் யூகலிப்டஸ் கொப்பு ஒன்றைச் செருகினேன். பச்சைக் கொப்பு வைத்த வண்டியை அவ்வளவாக உடைப்பதில்லை என்கிறார்கள். ஞாம்புரா நர்ஸ் உடையில் பின்னால். செரோப் என் பக்கத்தில். "யாராவது கேட்டா என்ன சொல்லணும்?" என்று அம்மா கேட்டாள். "மாமா" என்றது குழந்தை, முகத்தைத் திருப்பாமல்.

பாலத்தில் ஒருவரும் இல்லை. சந்தை எரிந்து முடிந்திருந்தது. தோப்பில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

இருபது முப்பது பேர். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மலையிலிருந்து வந்தவர்கள். முகத்தில் சேறு பூசியிருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவன் என் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"பின்னால யாரு?"

"மாமா செரோப். கணக்கு ஆசிரியர் கிப்சாங்கின் மனைவி. நர்ஸ்."

"அட்டை எங்கே?"

"மருத்துவமனையில்" என்றாள்.

அவன் நந்தியில் "சம்கே" என்றான். அது வணக்கம். அவள் பதில் வணக்கம் சொன்னாள். இன்னொரு கேள்வி கேட்டான். அதற்கும் சொன்னாள். மூன்றாவது கேள்வி நீளமாக இருந்தது. அவள் சிரித்து மழுப்பினாள். அவன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தான். அவள் இறங்கினாள். ஒருவன் அரிவாளால் காரின் கூரையை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது.

"பிள்ளையை இறக்கு."

செரோப் இறங்கினாள். தொப்பிக்காரன் அவள் முன்னால் குந்தினான். குரலைக் குழைத்துக்கொண்டு சுவாஹிலியில் கேட்டான்: "பாப்பா, இவங்களை நீ எப்படிக் கூப்பிடுவே?"

குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தது. அந்தக் கை அசைகிறதா என்று பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாகப் படித்ததையும் சொல்லவில்லை, அதற்கு முன் தெரிந்ததையும் சொல்லவில்லை. காலோடு சிறுநீர் இறங்கிச் செருப்பை நனைத்தது.

"பெத்தவளுக்குப் பேர் சொல்லத் தெரியாத பிள்ளையா?" என்று அவன் எழுந்தான்.

தோப்புக்குள்ளிருந்து கிப்லிமோ வந்தான். வில்லைத் தோளில் மாட்டியிருந்தான். கப்தெரெரில் செரோப்பின் பாட்டை மறக்காதவன் அவன்.

"இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். எங்க வாத்தியார் மகள். கல்லூரி விழாவுல பாட்டுச் சொன்னா" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "நம்ம மொழியில. கன்னுக்குட்டிப் பாட்டு. இல்லையா, ம்வாலிமு?"

"ஆமாம்" என்றேன். "நல்லாச் சொன்னா."

"அப்ப இப்ப சொல்லட்டும்" என்றான் தொப்பிக்காரன்.

"பயந்து போயிருக்கா. நான் எடுத்துக் குடுக்கிறேன்." கிப்லிமோ குழந்தையின் எதிரே முழங்காலிட்டான். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு முதல் வரியைச் சொன்னான். குழந்தை அவன் வாயையே பார்த்தது. அவன் மறுபடி சொன்னான். அவள் உதடு அசைந்தது. சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அடுத்த வரி. அதையும் சொன்னாள். அவளுக்கு ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. மேடையில் நின்றதைவிட நிமிர்ந்து நின்றாள். மூன்றாவது வரிக்குக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். கடைசி வரியில் அரிவாள்காரனும் முணுமுணுத்தான். கூரையில் தட்டுவதை நிறுத்தியிருந்தான்.

"நம்ம பிள்ளைதான்" என்றான் யாரோ. மரத்தை ஓரம் தள்ளினார்கள்.

கிப்லிமோ ஜன்னலில் குனிந்து ஆங்கிலத்தில் சொன்னான்: "சார், இனிமே என்னைத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கார் நகர்ந்தது. ஞாம்புரா அழவில்லை, நன்றி சொல்லவில்லை. மைதானத்தின் கேட் தெரியும் வரை, "போங்க, போங்க, போங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

6 ஜனவரி, ஞாயிறு

ஆயிரக்கணக்கானவர்கள். எல்லோரும் வீடு எரிந்தவர்கள். எல்லோரும் கிகுயு பேசுகிறார்கள். மூன்று வருடத்தில் அந்த மொழியை இவ்வளவு உரக்க நான் இங்கே கேட்டதில்லை. ஞாம்புரா கூடாரத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறாள். இனி அவளுக்குப் பயமில்லை என்று நினைத்தேன்.

மத்தியானம் உணவு லாரியைச் சுற்றி நெரிசல். தள்ளுமுள்ளு, கூச்சல். காருக்குப் பக்கத்தில் நின்ற செரோப் கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்றுக்குட்டிப் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். நந்தியில். முதல் வரி, இரண்டாம் வரி. அதைச் சொன்னால் ஆட்கள் விலகுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்தில் பாய் விரித்திருந்த பெண் தலையைத் தூக்கினாள். அவள் கணவனை அந்த மொழி பேசியவர்கள்தான் கொன்றார்களாம். ஞாம்புரா எங்கிருந்தோ ஓடி வந்து மகளின் வாயைப் பொத்தினாள்.

"என்ன சொல்லுது பிள்ளை?"

"காய்ச்சல். பிதற்றுது" என்றாள் ஞாம்புரா, கிகுயுவில். எனக்கு அந்த அளவுக்குப் புரியும்.

"பேர் என்ன?"

"வைரிமு. என் அம்மா பேரு."

குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இந்த நேரம் வரை அவள் வாயிலிருந்து எந்த மொழியிலும் ஒரு சொல் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைக் காட்டுகிறாள்.

7 ஜனவரி, திங்கள்

கிப்சாங் போனில் வந்தார். பிழைத்திருக்கிறார். இங்கே வரப் போவதாகச் சொன்னார். ஞாம்புரா போனை வாங்கி, "இங்க வந்தா உங்களைக் கொன்னுடுவாங்க. எங்களுக்கு யாருமே இல்லைன்னு இங்க சொல்லியிருக்கேன்" என்றாள். குழந்தையின் காதில் போனை வைத்தாள். அவர் பேசுவது வெளியே கேட்டது. முதலில் சுவாஹிலியில். பிறகு, எட்டு வருட ஏற்பாட்டை உடைத்து, நந்தியில். குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது.

8 ஜனவரி, செவ்வாய்

வெளிநாட்டுக்காரர்களை நாளை மறுநாள் அழைத்துப் போகிறார்களாம். பெயர் கொடுத்தேன். சட்டை துவைக்கத் தண்ணீர் இல்லை.

9 ஜனவரி, புதன்

காலையில் பால் லாரி வந்தது. வரிசையில் நின்று இரண்டு பாக்கெட் வாங்கினேன், செரோப்புக்காக. அவர்கள் இப்போது மைதானத்தின் அந்தக் கோடிக்கு மாறிவிட்டார்கள். தூரத்தில் இருவரும் கைகோத்து நடந்து போவது தெரிந்தது. ஓடிப் பிடிக்க முடியாது. நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். மூன்று வருடப் பழக்கம், கையை உயர்த்தி, "மாமா செரோப்!" என்று கூப்பிட்டேன்.

எனக்குக் குரல் பெரிது. வகுப்பெடுக்கிற குரல்.

வரிசை முழுவதும் திரும்பியது. பாய்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். நந்திப் பெயரைக் கூப்பிட்டவன் யார் என்று பார்த்தார்கள், பிறகு யார் திரும்புகிறார்கள் என்று பார்த்தார்கள். ஞாம்புரா திரும்பவில்லை. நடையின் வேகம்கூட மாறவில்லை. மகளும் திரும்பவில்லை. ஆறு வயதுக் குழந்தை, தன் பெயரைக் கேட்டு, தலையைக்கூட அசைக்காமல் நடந்து போயிற்று.

தலையில் கட்டுப் போட்ட ஓர் ஆள் என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் இரும்புக் கழி.

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"யாரையும் இல்ல. ஆள் மாறிப் போச்சு."

"அது நந்திப் பேரு. அந்தப் பேர்ல இங்க யார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"பால் யாருக்கு?"

"எனக்கு."

அவர் போகவில்லை. நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கோடியைப் பார்க்கவில்லை. பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்து, அங்கேயே நின்று, அவர் பார்க்கப் பார்க்க, இரண்டு பாக்கெட் பாலையும் நானே குடித்தேன்.